தையற்காரர் மகன் ஜோசப் ஃபூரியர்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசுக்குத் தென்கிழக்கே, யோன் என்னும் ஆற்றின் கரையில் ஒசேர் என்றொரு பழைய நகரம் உண்டு. அந்நகரில் 1768ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள், ஒரு தையற்காரரின் இல்லத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அத்தையற்காரர் இருமுறை மணம் புரிந்தவர். இரண்டாம் மனைவியின் வயிற்றிற் பிறந்த பன்னிரு மக்களுள் ஒன்பதாவது மகவு அது. ஜோசப் ஃபூரியர் எனப் பெயர் பெற்ற அம்மகன் பத்து வயதை எட்டும் முன்னரோ எட்டிய சிறிது காலத்திலோ தாயையும் தந்தையையும் அடுத்தடுத்து இழந்தான்.

கல்லூரியிற் கணிதமோ இயற்பியலோ பொறியியலோ பயிலும் நம் இளைஞர்கள் ஃபூரியர் தொடர் என்னும் பெயரைக் கேட்டிருப்பர். தேர்வுக்காக அதனை மனப்பாடம் செய்தும் இருப்பர். அப்பெயருக்கு உரிய மனிதர் யார், எவ்வாறு வளர்ந்தார், எந்த வாயில் அவருக்கு அடைபட்டது, எந்த வாயில் திறந்தது என்பதனைப் பாடநூல்கள் சொல்வதில்லை. மின்சாரத்திற்குப் பதிலாக ஒளியையே கணக்கிடச் செய்யும் ஒளிச்சுற்றுகளைப் பற்றி இன்று செய்தித்தாள்களிற் படிக்கின்றோம். மூளையின் நரம்பணுக்களைப் போலச் சைகைகளை மிக விரைவாகப் பிரித்தறியும் கருவிகள் என அவற்றைச் சொல்கின்றனர். அவற்றின் அடித்தளத்தில் இருப்பது இந்தத் தையற்காரர் மகனின் கணக்கேயாகும். அஃது எவ்வாறு என்பதனைப் பின்னர்க் காண்போம். முதலில் அவர்தம் வாழ்வைக் காண்போம்.

பெற்றோரை இழந்த சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்ட அம்மையார் ஒருவர் அவ்வூர்ப் பேராயரிடம் அவனைப் பற்றி எடுத்துரைத்தார். அதன் பயனாக, பெனடிக்டைன் துறவியர் நடத்திவந்த அரசுப் படைப்பள்ளியில் அவனுக்கு இடம் கிடைத்தது. தொடக்கத்தில் இலக்கியத்தில் நாட்டம் கொண்டிருந்த அவன், பதின்மூன்று வயதளவில் கணிதத்தின்பால் ஈர்க்கப்பட்டான். பகற் பொழுதில் வகுப்பிற் கிடைத்த கணிதம் போதவில்லை. சமையற்கூடத்திலும் நடைகூடங்களிலும் எரிந்து எஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறர் உறங்கிய பின்னர் மறைவிடத்தில் அமர்ந்து அவற்றின் ஒளியிற் கணக்குப் போட்டான் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். பதினான்கு வயதிற்குள் பெசூ என்னும் கணித ஆசிரியரின் பாடநூல் ஆறு தொகுதிகளையும் கற்று முடித்திருந்தான்.

படைப்பள்ளியிற் பயின்ற அவ்விளைஞனின் விருப்பம் பீரங்கிப் படையில் அதிகாரியாவது. பீரங்கிக் குண்டு செல்லும் வழியைக் கணக்கிடவும் கோட்டையின் வலிமையை அளவிடவும் கணிதம் வல்லவர்கள் வேண்டும் என்பதால், தகுதியுடையோர்க்கு ஏற்ற பணி அது. லெஜாந்தர் என்னும் பெருங்கணிதர் அவர் பொருட்டுப் பரிந்துரைத்தார் என்பர். விண்ணப்பம் அமைச்சரிடம் சென்றது. விண்ணப்பித்தவர் பிரபுக் குலத்தில் தோன்றியவர் அல்லர் ஆதலின், அவர் எத்துணைப் பேரறிவு படைத்தவராயினும் பீரங்கிப் படையிற் சேர்த்துக்கொள்வதற்கில்லை என்று மறுமொழி வந்தது. அக்காலப் பிரான்சில் படையதிகாரிப் பதவிகளைப் பிரபுக் குலத்தார்க்கே உரிமையாக்கி 1781இல் ஆணையே பிறப்பிக்கப்பட்டிருந்தது. நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்தைச் சான்றுகளோடு காட்டல் வேண்டும். தையற்காரர் மகன் எந்தச் சான்றினைக் காட்டுவான்?

இந்த இடத்தில் நான் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை. இம்மலரைக் கையில் எடுக்கும் எந்த இல்லத்திலும் இத்தகைய மறுமொழி ஒன்றைப் பெற்ற பாட்டனாரோ தந்தையாரோ இருப்பார். கணக்கில் விடை சரியாக இருக்கும். கணக்குப் போட்டவன் பிறப்பு சரியில்லை என்பார்கள்.

வேறு வழி தோன்றாமல், 1787இல் லுவார் ஆற்றங்கரையில் இருந்த பெனடிக்டைன் மடம் ஒன்றில் துறவுப் பயிற்சிக்காக ஃபூரியர் புகுந்தார். அங்கும் மனம் கணிதத்தையே நாடியது. உறுதிமொழி எடுத்து முழுத்துறவி ஆகும் முன்னரே, 1789இல் மடத்தை விட்டு வெளியேறினார். அதே ஆண்டிற்றான் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிறப்பினால் வரும் தனியுரிமைகள் யாவும் ஒழிக்கப்பட்டன. 1790இல் தாம் படித்த பள்ளிக்கே ஆசிரியராகச் சென்றார். கணிதத்தோடு வரலாறும் மெய்யியலும் பேச்சுக்கலையும் கற்பித்தார்.

புரட்சி அவருக்கு வாழ்வளித்தது; அவர் உயிரைப் பறிக்கவும் பார்த்தது. ஒசேர் நகரப் புரட்சிக் குழுவில் 1793இல் சேர்ந்த ஃபூரியர், அநியாயமாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சிலர் சார்பாக ஓர்லியான் நகரிற் பேசியதனால் பகைமையைத் தேடிக்கொண்டார். 1794 சூலையிற் சிறையில் அடைக்கப்பட்டார். கில்லட்டின் என்னும் வெட்டுக் கருவி நாள்தோறும் தலைகளைக் கொய்துகொண்டிருந்த காலம் அது. அம்மாத இறுதியில் ரோபஸ்பியரே வீழ்ந்து மாண்டதனால் சிறைக்கதவுகள் திறந்தன, ஃபூரியரும் தப்பினார்.

அடுத்து நிகழ்ந்ததனையே நான் அவர் வாழ்வின் திருப்புமுனையாகக் கருதுகின்றேன். நாடெங்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பொருட்டுப் புதிய அரசு, பாரிசில் ஒரு பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்டமும் தகுதியான மாணாக்கர்களைத் தேர்ந்தெடுத்து அரசுச் செலவில் அனுப்பலாம். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டு 1795 சனவரியில் அங்கே சென்ற ஃபூரியர்க்குப் பாடம் சொன்னவர்கள் லக்ராஞ்சு, லாப்லாசு, மோஞ்சு ஆகிய மூவர். அந்நாளில் ஐரோப்பாவிலேயே இவர்களுக்கு ஒப்பானவர் சிலரே. அக்கல்லூரி சில மாதங்களே நடந்தது. ஆயினும் அச்சில மாதங்கள் போதுமானவையாக இருந்தன. அவ்வாண்டே பாரிசுப் பல்தொழிற் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைத்தது. 1797இல் லக்ராஞ்சு வகித்த பேராசிரியர் இருக்கையில் ஃபூரியர் அமர்ந்தார். பீரங்கிப் படையதிகாரிகளும் பயிலும் கல்லூரி அது! கதவை அடைத்த துறைக்கே ஆசிரியராக அவர் வந்து சேர்ந்தார்.

1798இல் நெப்போலியன் எகிப்தின்மேற் படையெடுத்துச் சென்றபோது அறிஞர் குழுவொன்றையும் உடன் அழைத்துச் சென்றார். ஃபூரியர் அக்குழுவில் ஒருவர். கெய்ரோவில் நிறுவப்பட்ட ஆராய்ச்சிக் கழகத்தின் செயலாளராகவும் இருந்தார். இதனைப் பெருமையாக மட்டும் எழுதுவோர் உளர். அந்நியர் நாட்டைப் பிடிக்கச் சென்ற படையுடன் அறிவியலும் சென்றது என்பதனையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மையாகும். 1801இல் நாடு திரும்பிய அவர் தம் பேராசிரியப் பணிக்கே செல்ல விரும்பினார். நெப்போலியனோ அவரைக் கிரெனோபிளைத் தலைமையிடமாகக் கொண்ட இசேர் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக அமர்த்தினார். 1802 முதல் 1815 வரை அப்பதவியில் இருந்தார். பூர்குவான் என்னுமிடத்தில் மக்களுக்கு ஓயாத காய்ச்சலைத் தந்துவந்த பெருஞ்சதுப்பு நிலத்தை வடித்தார். பல ஊர்களின் மக்களை ஒருமனப்படுத்த வேண்டியிருந்த அவ்வேலையை அவருக்கு முன்னிருந்தோர் எவராலும் முடிக்க இயலவில்லை. மலைகளினூடே இத்தாலி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையையும் தொடங்கினார். ஷம்போலியன் என்னும் சிறுவனுக்கு எகிப்தியத் தொல்பொருள்களைக் காட்டி ஊக்கம் ஊட்டியவரும் அவரே. அச்சிறுவனே பின்னாளில், 1822இல், எகிப்தியச் சித்திர எழுத்துகளின் மருமத்தை அவிழ்த்தவன்.

மாவட்ட நிர்வாகத்தின் இடையே, எஞ்சிய நேரத்திலேதான், தம் பெயரை நிலைநிறுத்திய ஆராய்ச்சியை அவர் செய்தார். ஆராய்ச்சிக்கு நேரமில்லை என்று கூறும் நம்மைப் போன்றோர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

வெப்பம் ஒரு பொருளினூடே எவ்வாறு பரவுகின்றது என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. ஓர் இரும்பு வளையத்தைச் செய்வித்தார். அதன் ஒரு பகுதியை மட்டும் சூடேற்றினார். பின் நெருப்பினின்றும் எடுத்து, வளையத்தின் பல இடங்களில் வெப்பமானிகளைப் பொருத்தி, ஆறிவரும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வந்தார். தொடக்கத்தில் ஓரிடத்தில் மிகு சூடும் பிறவிடங்களிற் குளிர்ச்சியுமாக ஒழுங்கின்றி இருக்கும். சிறிது நேரத்தில் ஓர் ஒழுங்கு தோன்றிவிடும். வளையத்தில் நேரெதிரான இரு புள்ளிகளை எடுத்து அவற்றின் வெப்பநிலைகளைக் கூட்டினால், எந்த இணையை எடுத்தாலும் கூட்டுத்தொகை ஒன்றாகவே இருக்கும்!

இதற்குக் காரணம் என்ன? ஒழுங்கற்ற எந்த வெப்பப் பரவலையும் எளிய அலைவடிவங்களின் கூட்டாக எழுதலாம் என்றார் ஃபூரியர். வளையத்தை ஒருமுறை சுற்றுவதற்குள் ஒருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்று. இருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்று. மும்முறை ஏறி இறங்குவது மற்றொன்று. இவ்வாறே முடிவின்றித் தொடரும். ஒவ்வொன்றும் தனித்தனியே, பிறவற்றைப் பொருட்படுத்தாமல் தேய்கின்றது. இரண்டாம் அலை முதலலையைப் போல் நான்கு மடங்கு விரைவாகவும், மூன்றாம் அலை ஒன்பது மடங்கு விரைவாகவும் தேயும். ஆகவே சிறிது நேரத்தில் முதலலை மட்டுமே எஞ்சுகின்றது. அதன் ஒருபுறத்து மேடும் எதிர்ப்புறத்துப் பள்ளமும் சமமாதலின், எதிரெதிர்ப் புள்ளிகளின் கூட்டுத்தொகை மாறுவதில்லை.

சிக்கலானதனை எளிய அலைகளாகப் பிரி. ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிடு. பின் மீண்டும் கூட்டு. ஃபூரியர் முறை என்பது இவ்வளவே. வெப்பத்திற்காக அவர் கண்ட இம்முறை ஒலிக்கும் பொருந்தும், ஒளிக்கும் பொருந்தும், மின்சைகைக்கும் பொருந்தும். புல்லாங்குழலின் நீண்ட ஓசையைப் பிரித்தால் ஒருசில அலைகளே கிடைக்கும். பறையின் மீது குச்சி விழும் கணத்தில் எழும் ஓசையைப் பிரித்தாலோ எண்ணற்ற அலைகள் கிடைக்கும். கணநேர ஓசைக்குள் அத்துணை அலைகளும் அடங்கிக் கிடக்கின்றன.

1807 திசம்பர் 21ஆம் நாள் இந்த ஆய்வைப் பாரிசு அறிவியற் கழகத்தில் ஃபூரியர் அளித்தார். அதனை மதிப்பிட அமர்ந்தோருள் அவர்தம் பழைய ஆசிரியர் மூவரும் இருந்தனர். லக்ராஞ்சு ஏற்க மறுத்தார். வளைந்து நெளியும் மென்மையான அலைகளைக் கூட்டி, முனையும் உடைவும் கொண்ட ஒரு வடிவத்தை எவ்வாறு பெற முடியும் என்பது அவர் ஐயம். ஆய்வுரை அச்சேறவில்லை. 1811ஆம் ஆண்டுப் பரிசுக்குரிய தலைப்பாகக் கழகமே வெப்பப் பரவலை அறிவிக்க, ஃபூரியர் தம் ஆய்வை விரிவாக்கி அனுப்பினார். பரிசு கிடைத்தது. ஆயினும் நிறுவும் முறையில் வன்மை போதாது என்னும் குறிப்புடன் கிடைத்தது, அப்போதும் அச்சேறவில்லை.

இதனையும் பிறப்பை முன்னிட்ட தடையென்று எண்ணிவிடலாகாது. முதலாவது தடை அநீதி. இரண்டாவது தடை, அறிவுடையோர் அறிவுடையான் ஒருவனிடம் கேட்ட கேள்வி. லக்ராஞ்சின் ஐயத்திற்கு முழுமையான விடையை ஃபூரியர் அளிக்கவில்லை என்பதே உண்மை. எந்த நிபந்தனைகளில் அத்தொடர் செல்லும் என்பதனை, அவரைப் பாரிசிற் சந்தித்துப் பழகிய இளைஞராகிய திரிக்லே என்னும் செருமானியரே 1829இல் நிறுவினார். இவ்விருவகைத் தடைகளையும் வேறுபடுத்தி அறியும் பக்குவம் நம் மாணாக்கர்க்கு வேண்டும். முதலாவதனை எதிர்த்துப் போராட வேண்டும். இரண்டாவதற்கு இன்னும் நன்றாகப் படிக்க வேண்டும்.

1815இல் நெப்போலியன் வீழ்ந்ததும் ஃபூரியர் பதவியும் வருவாயும் இழந்து பாரிசில் வாடினார். அப்போது கைகொடுத்தவர் அவரிடம் பல்தொழிற் கல்லூரியிற் பயின்ற மாணாக்கர் ஒருவர். பாரிசு மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக உயர்ந்திருந்த அவர், புள்ளிவிவர அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பைத் தம் ஆசிரியர்க்கு அளித்தார். 1816இல் அறிவியற் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. பழைய ஆட்சியின் அலுவலர் என்று மன்னர் பதினெட்டாம் லூயி ஒப்புதல் தர மறுத்தார். 1817இற் கழகம் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தது. இம்முறை மன்னர் இசைந்தார். 1822இல் கழகத்தின் நிலையான செயலாளரானார். வெப்பத்தைப் பற்றிய அவரது பெருநூல் அவ்வாண்டே வெளிவந்தது. முதன்முதல் கழகத்தில் அளித்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள்! தாம் செயலாளரான பின், பரிசு பெற்றும் பெட்டியில் உறங்கிக் கிடந்த தமது பழைய ஆய்வுரையை ஒரு சொல்லும் மாற்றாமல் கழக வெளியீட்டில் அச்சிடச் செய்தார். மனிதர் அதனை மறந்துவிடவில்லை என்று தெரிகின்றது.

மற்றொன்றும் அவர் செய்தார். சோஃபி ஜெர்மேன் என்னும் கணித மேதை, பெண் என்னும் ஒரே காரணத்தால் கல்லூரியிற் சேர்க்கப்படாமல், பிறர் குறிப்புகளைப் பெற்றுத் தாமே கற்றவர். கழகத்தின் கூட்டங்களில் அவர் அமர்ந்து கேட்பதற்கு ஃபூரியர் ஏற்பாடு செய்தார். அதுவரை உறுப்பினர்களின் மனைவியர்க்கே கிடைத்துவந்த இடம் அது.

எகிப்திலிருந்து திரும்பிய நாள் முதல் அவர் வெப்பத்தையே விரும்பினார். கோடையிலும் அறையைச் சூடாக வைத்துக் கம்பளி உடைகளைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருப்பாராம். 1830 மே 16ஆம் நாள் பாரிசில் மறைந்தார். ஒசேர் மக்கள் 1849இல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அச்சிலை உலோகத்திற்காக உருக்கப்பட்டுவிட்டது.

இனி, ஒளிக்கு வருவோம். ஃபூரியர் மறைந்து நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின், செருமனியின் ஜேனா நகரில் எர்ணஸ்டு அபே என்பவர் நுண்ணோக்கியில் உருவம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதற்கு 1873இல் விளக்கம் கண்டார். இந்த அபே நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகன். தாம் தலைமை வகித்த சைசு ஒளியியல் ஆலையில் 1900ஆம் ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலையை நடைமுறைப்படுத்தியவர். நுண்ணோக்கியின் வில்லையினூடே வரும் ஒளி, உருவமாகக் குவிவதற்கு முன், குவியத் தளத்தில் அப்பொருளின் அலைக்கூறுகளாகப் பிரிந்து நிற்கின்றது என்று அவர் காட்டினார். நம் பள்ளி ஆய்வகத்தில் குவியத் தூரம் காண்பதற்காக மாணவர் கையில் எடுக்கும் அதே குவிலென்சு, ஃபூரியர் பகுப்பைத் தானாகவே செய்கின்றது! பென்சிலும் தாளும் வேண்டா. ஒளி லென்சைக் கடக்கும் நேரமே கணக்கு முடியும் நேரம்.

இதன் அருமையை உணரக் கணிப்பொறியின் பாட்டையும் காணவேண்டும். 1024 புள்ளிகள் கொண்ட ஒரு சைகையை நேர்முறையில் அலைகளாகப் பிரிக்க 1024ஐ 1024ஆல் பெருக்கிய அளவு, அதாவது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் தேவை. 1965இல் கூலி, டியூக்கி என்னும் இரு அமெரிக்கர் வெளியிட்ட விரைவு முறையால் இது சில ஆயிரங்களாகக் குறைந்தது. அதற்கு முன்னர் 1950களில், விமானத்திலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் ரேடாரின் சைகைகளை அலசுவதற்கு அன்றைய கணிப்பொறிகளால் இயலவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் அச்சைகைகளை ஒளிப்படச் சுருளிற் பதித்து, ஒளியையும் லென்சுகளையும் கொண்டு அலசினர். கணிப்பொறி வளர்ந்ததும் லென்சு ஓரங்கட்டப்பட்டது.

அண்மைக் காலத்தில் நிலை மீண்டும் மாறியுள்ளது. பேச்சை அறிதல், படத்தை அறிதல் முதலியவற்றைச் செய்யும் செயற்கை நரம்பணு வலைகள் பெருகிவிட்டன. ஒரு செயற்கை நரம்பணு செய்வது எளிய வேலைதான். தன்னிடம் வரும் எண்கள் ஒவ்வொன்றையும் அதற்குரிய எடையாற் பெருக்கி, யாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகைக்கு ஏற்பத் தூண்டப்படுகின்றது. இத்தகையன இலட்சக்கணக்கில் சேரும்போது பெருக்கலும் கூட்டலும் கோடிக்கணக்கில் மிகுகின்றன. மின்சாரமும் அதற்கேற்பச் செலவாகின்றது.

பெருக்கலையும் கூட்டலையும் ஒளி இயல்பாகவே செய்யும். ஒளியின் ஒரு பங்கை மட்டும் செல்லவிட்டால் அது பெருக்கல். பல ஒளிகளை ஒரே ஒளி உணரியின்மேல் விழச்செய்தால் அது கூட்டல். சிலிக்கான் சில்லின் மீது, தலைமயிரினும் மெல்லிய ஒளிப்பாதைகள் அமைக்கப்படுகின்றன. ஒரு பாதை இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்கின்றது. ஒரு கிளையைச் சிறிது சூடேற்றினால் அதனூடே வரும் ஒளியலை சற்றே பிந்துகின்றது. சேருமிடத்தில் மேடும் மேடும் கூடினால் ஒளி மிகும். மேடும் பள்ளமும் கூடினால் ஒளி அவியும். சூட்டின் அளவே எடையை நிர்ணயிக்கின்றது. 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தார் இத்தகைய இணைப்புகள் 56 கொண்ட சில்லைச் செய்து, மனிதர் பேசும் நான்கு உயிரொலிகளைப் பிரித்தறியச் செய்தனர். அச்சில்லு ஏறத்தாழ 77 விழுக்காடு சரியாகச் சொன்னது. அதே வலையை வழக்கமான கணிப்பொறியில் இயக்கியபோது ஏறத்தாழ 92 விழுக்காடு. முதல் முயற்சி என்ற அளவில் இது சிறுமையன்று. ஆயினும் ஒளி கணிப்பொறியை வென்றுவிட்டது என்று எழுதும் செய்தித்தாள்களை நம் மாணாக்கர் அப்படியே நம்பிவிட வேண்டா. சில்லைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கினும் குறைந்த காலமே ஆகும் என்பது மெய். மின்சைகையை ஒளியாக்கி மீண்டும் மின்சைகையாக்கும் செலவும், துல்லியக் குறைவும் உள்ளன என்பதும் மெய்.

பிரின்சுடன் பல்கலைக்கழகத்தார் வேறொரு வழியைக் கொண்டனர். பல நிறத்து ஒளிகளை ஒரே பாதையிற் செலுத்தி, பாதையோரத்தில் மிகச் சிறிய வளையங்களை வரிசையாக அமைத்தனர். ஒவ்வொரு வளையமும் ஒரு நிறத்தை மட்டும் பற்றும். வளையத்தைச் சிறிது சூடேற்றினால் அது பற்றும் நிறம் நகரும். ஆகவே அந்நிறம் எவ்வளவு பங்கு செல்லவேண்டும் என்பதனைச் சூட்டினாலேயே அமைக்கலாம். கண்ணாடி இழை வழியே கடலடியில் நெடுந்தொலைவு வந்து சிதைந்த சைகைகளைச் செப்பம் செய்வதற்கு இவ்வகை ஒளிச்சுற்றுகள் ஆராயப்பட்டு வருகின்றன.

இவ்வளையங்களில் ஒரு தொல்லை உண்டு. ஒன்றைச் சூடேற்றினால் வெப்பம் சிலிக்கானில் அடங்கி நிற்பதில்லை. பக்கத்து வளையத்திற்கும் கசிகின்றது. பக்கத்து வளையம் தனக்குரிய நிறத்தைத் தவறவிடுகின்றது; கணக்குப் பிழைக்கின்றது. ஆதலால் வளையங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும், எங்கே பள்ளம் தோண்டி வெப்பத்தைத் தடுக்கவேண்டும், ஒன்றின் சூட்டுக்கு ஈடாக மற்றொன்றின் சூட்டை எவ்வளவு குறைக்கவேண்டும் என்பனவற்றைப் பொறியாளர் முன்கூட்டியே கணக்கிடுகின்றனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் சமன்பாடு, கிரெனோபிளில் ஓர் இரும்பு வளையம் ஆறுவதைப் பார்த்துக்கொண்டு ஃபூரியர் எழுதியது.